உங்களுக்குத் தெரியுமா? சுரங்கம் மூடினாலும் தண்ணீர்க் கணக்கு மூடாது

நிலக்கரி வெட்டி முடித்த பள்ளத்தில் மண்ணைக் கொட்டி நிரவி, மேல்மண் பரப்பி, புல் விதைத்து, மரக்கன்றும் நட்டுவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் தோன்றும். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாமே பச்சை. ஆனால் அந்த மண்ணுக்குள் இறங்கிய மழைநீர் எந்தப் பாறையைத் தொட்டது, எதைக் கரைத்தது, யாருடைய கிணற்றுக்குப் போய்ச் சேர்ந்தது என்பது பச்சையைப் பார்த்தால் தெரியாது. நிலம் மீண்டதா இல்லையா என்பதற்குத் தண்ணீர்தான் சாட்சி. அந்தச் சாட்சியை உலகில் எங்கெங்கே, எப்படி எப்படி விசாரிக்கிறார்கள்?

தோண்டும் முன்பே தொடங்கும் சோதனை

அமெரிக்காவில் திறந்தவெளிச் சுரங்கக் கட்டுப்பாடு, நிலமீட்புச் சட்டத்தில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் 1977 ஆகஸ்ட் 3 அன்று கையெழுத்திட்டார். சுரங்க அனுமதி கேட்பவர், அந்த வட்டாரத்தின் நிலத்தடி நீரும் ஓடைநீரும் அன்றைக்கு எப்படி இருக்கின்றன என்று முதலில் அளந்து தர வேண்டும் என்கிறது அந்தச் சட்டத்தின் விதி. அமிலத்தன்மை, கரைந்த உப்பு, இரும்பு, மாங்கனீசு எல்லாம் பருவத்துக்குப் பருவம் எப்படி மாறுகின்றன என்பதும் அதில் வர வேண்டும். இந்தப் பழைய கணக்கு இல்லாவிட்டால் பிறகு கிணறு கெட்டது என்று ஊரார் முறையிடும்போது, “முன்பும் இப்படித்தான் இருந்தது” என்ற ஒரே வரியில் வழக்கு முடிந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மூலம் பைரைட்

நிலக்கரியிலும் அதைச் சூழ்ந்த பாறையிலும் பைரைட் என்ற கனிமம் கலந்திருக்கும். இரும்பும் கந்தகமும் சேர்ந்தது அது. கோடிக்கணக்கான ஆண்டுகள் காற்றுப் படாமல் கிடந்தவரை அதனால் தொல்லை இல்லை. பாறையை உடைத்து மேலே கொட்டியதும் காற்றும் நீரும் அதைச் சிதைக்கத் தொடங்குகின்றன. கந்தக அமிலம் உண்டாகிறது; கூடவே கரைந்த இரும்பும் சல்பேட்டும். அந்த அமிலநீர் போகிற வழியில் உள்ள பாறையிலிருந்து அலுமினியத்தையும் மாங்கனீசையும் கரைத்து எடுத்துக்கொண்டு ஓடைக்கு வருகிறது.

பத்து லட்சம் மடங்கு வேகம்

இந்த வேதிவினையை விரட்டி நடத்துவது ஒரு நுண்ணுயிர். மேற்கு வர்ஜீனியாவில் நிலக்கரிச் சுரங்கத்தின் அமிலநீரில் கோல்மர், ஹிங்கிள் என்ற இருவர் 1947-இல் அதைக் கண்டு சொன்னார்கள். அசிடிதயோபேசில்லஸ் ஃபெரோஆக்சிடன்ஸ் என்பது அதன் இன்றைய பெயர். இரும்பை ஆக்சிஜனேற்றம் செய்து, அதில் கிடைக்கும் ஆற்றலிலேயே அது பிழைக்கிறது. அமில நீரில் தானாக நடந்தால் மிக மெதுவாக நடக்கும் இந்த வினையை, நுண்ணுயிர்களால் பத்து லட்சம் மடங்குவரை வேகப்படுத்த முடியும் என்று சிங்கரும் ஸ்டம்மும் 1970-இல் காட்டினார்கள். ஆகவேதான் பைரைட் உள்ள பாறையைக் காற்றும் நீரும் தொடாதபடி புதைப்பதே நிலமீட்பின் முதல் பாடம்.

31.25 என்ற எண்

ஆயிரம் டன் பாறையில் பைரைட் கந்தகம் 1 சதவீதம் இருந்தால், அதிலிருந்து வரக்கூடிய அமிலத்தை முறிக்க 31.25 டன் சுண்ணாம்புக்கல் வேண்டும். சுரங்கம் தோண்டும் முன்பே துளையிட்டு எடுத்த பாறைத் துண்டுகளை இந்தக் கணக்கில் போட்டுப் பார்ப்பார்கள். அமிலம் தரும் அடுக்கு எது, அதை முறிக்கும் அடுக்கு எது என்று தெரிந்துவிட்டால், எதை எங்கே கொட்டுவது என்பதை அன்றே முடிவு செய்யலாம். கண்டபடி கலந்து கொட்டிவிட்டால் பிறகு பிரித்தெடுக்க முடியாது.

மூன்று எண் இறங்கினால்

பி.எச். அளவில் ஒவ்வொரு எண் குறையும்போதும் அமிலத்தன்மை 10 மடங்கு கூடுகிறது. பி.எச். 6 இருந்த ஓடை 3-க்கு வந்துவிட்டது என்றால் அமிலத்தன்மை ஆயிரம் மடங்கு ஏறிவிட்டது என்று பொருள். அந்த நீரில் பெரும்பாலான மீன்கள் வாழாது.

தெளிந்த நீரை நம்பக் கூடாது

பூமிக்கடியில் ஆக்சிஜன் இல்லாத இடத்திலிருந்து வரும் சுரங்கநீர் கண்ணாடி போலத் தெளிவாக ஊற்றெடுக்கலாம். இரும்பு அதில் கரைந்தே இருக்கிறது. காற்றுப் பட்டதும் அது துருவாகப் பிரிந்து, சற்றுத் தள்ளி ஓடை முழுக்க ஆரஞ்சு நிறமாகிவிடும். கல், மணல், மீன் முட்டையிடும் இடுக்கு எல்லாவற்றின் மேலும் அந்தச் சகதி படிந்து மூச்சடைக்கிறது. மாதிரியை ஊற்றுக்கண்ணில் மட்டும் எடுத்தாலும் தவறு, ஓடையில் மட்டும் எடுத்தாலும் தவறு. இரண்டிலும் எடுக்க வேண்டும்.

அமிலம் இல்லாத நீரிலும் ஆபத்து

சுண்ணாம்புப் பாறை நிறைய இருந்தால் அமிலம் அங்கேயே முறிந்துவிடும். பி.எச். 7 என்று காட்டும். ஆனால் சல்பேட் அப்படியே தங்கிவிடும். குடிநீரில் சல்பேட் லிட்டருக்கு 200 மி.கி. வரை இருக்கலாம், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 400 மி.கி. வரை பொறுக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். பி.எச். ஒன்றை மட்டும் அளந்து “நீர் நன்றாக இருக்கிறது” என்று அறிக்கை எழுதினால் அது பாதி உண்மைதான்.

ஒரு பாட்டில் தண்ணீர் எடுப்பது எப்படி?

இடத்தின் எண், தேதி, நேரம், எடுப்பவர் பெயர் எல்லாவற்றையும் பாட்டிலில் முதலிலேயே எழுதிவிட வேண்டும். ஓடைக்குள் இறங்கினால் நீர் வரும் திசையைப் பார்த்து நிற்க வேண்டும். கால் கிளப்பிய சேறு பின்னால் போய்விடும், பாட்டிலுக்குள் வராது. பி.எச்., வெப்பநிலை, கரைந்த ஆக்சிஜன், மின்கடத்துதிறன் ஆகியவற்றை அங்கேயே கருவியை விட்டுப் பார்த்துக் குறிக்க வேண்டும். சுரங்கநீரில் கரைந்துள்ள கரியமில வாயு வழியில் வெளியேறிவிட்டால், ஆய்வகத்தில் அளக்கும் பி.எச். வேறாக இருக்கும்.

இரும்புக்கு இரண்டு பாட்டில். ஒன்றில் நீரை அப்படியே பிடிக்கிறார்கள். மற்றதில் 0.45 மைக்ரான் துளையுள்ள வடிகட்டி வழியே செலுத்திப் பிடிக்கிறார்கள். முதலாவது மொத்த இரும்பைச் சொல்லும், இரண்டாவது கரைந்த இரும்பைச் சொல்லும். இரண்டிலும் நைட்ரிக் அமிலம் விட்டு பி.எச். 2-க்குக் கீழே கொண்டுவர வேண்டும். அதை மறந்தால் இரும்பு பாட்டில் சுவரிலேயே படிந்துவிடும். ஆய்வக முடிவில் நீர் சுத்தமானதாகத் தெரியும். பிறகு பாட்டில்கள் ஐஸ் பெட்டிக்குப் போகும்.

சோதிப்பவர்களுக்கும் சோதனை

அதே பெட்டியில் தூய நீர் நிரப்பிய பாட்டில் ஒன்றும் போகும். அதில் இரும்பு இருப்பதாக முடிவு வந்தால் பாட்டிலிலோ வேலையிலோ அழுக்கு இருக்கிறது என்று அர்த்தம். ஒரே இடத்தில் எடுத்த இரண்டு மாதிரிகளை வெவ்வேறு எண் போட்டு அனுப்புவதும் உண்டு. இரண்டின் முடிவும் ஒத்துவராவிட்டால் அன்றைய முடிவுகளையெல்லாம் திரும்பப் பார்ப்பார்கள்.

கிணற்றில் தேங்கிய நீர் கணக்கில் வராது

மூடிய சுரங்கத்தைச் சுற்றிக் கண்காணிப்புக் கிணறுகள் போட்டிருப்பார்கள். குழாயில் நாட்கணக்கில் தேங்கியிருக்கும் நீர் பாறைக்குள் ஓடும் நீரின் தரத்தைச் சொல்லாது. அதனால் முதலில் நீர்மட்டத்தை அளந்துவிட்டு, குழாயில் நிற்கும் அளவைப்போல் மூன்று மடங்கு நீரை இறைத்துக் கொட்டிய பிறகுதான் மாதிரி எடுப்பது வழக்கம். அமெரிக்க விதிப்படி இந்தக் கிணறுகளின் அளவீட்டை 3 மாதத்துக்கு ஒருமுறை தர வேண்டும்.

எவ்வளவு ஓடுகிறது என்பதும் வேண்டும்

லிட்டருக்கு 10 மி.கி. இரும்பு என்று மட்டும் சொன்னால் போதாது. நொடிக்கு 100 லிட்டர் ஓடும் கசிவில் அந்த அளவு இருந்தால் ஒரு நாளைக்கு 86.4 கிலோ இரும்பு ஓடையில் சேருகிறது. நொடிக்கு 1 லிட்டர் என்றால் ஒரு கிலோகூட இல்லை. அதனால்தான் கசிவு வெளிவரும் இடத்தில் ‘வி’ வடிவில் வெட்டிய தடுப்புப் பலகையை வைக்கிறார்கள். வெட்டின் வழியே வழியும் நீரின் உயரத்தைப் பார்த்தே ஓட்டத்தின் அளவைக் கணக்கிடலாம்.

கோரையும் நாணலும் செய்யும் வேலை

அந்த 86.4 கிலோவை மின்சாரமில்லாமல் நீக்க வழி இருக்கிறது. அமிலம் முறிந்த நீரை ஆழமில்லாத குட்டைகளிலும் சதுப்பிலும் பரவவிட்டால் இரும்பு தானாகப் படிந்துவிடும். ஒரு சதுர மீட்டர் சதுப்பு நாளைக்கு 10 முதல் 20 கிராம் இரும்பை நீக்கும் என்று அமெரிக்கச் சுரங்கத் துறை ஆய்வாளர்கள் கணித்தார்கள். அப்படியானால் நம் கணக்குக்கு ஏறத்தாழ 1 முதல் 2 ஏக்கர் நிலம் வேண்டும். சரியாக அளக்காமல் சின்னதாகக் கட்டிய சதுப்பு சில ஆண்டுகளில் நிரம்பித் தோற்றுப்போகும்.

சுண்ணாம்புக்கல்லை ஏன் புதைக்கிறார்கள்?

அமில ஓடையில் சுண்ணாம்புக்கல்லை அப்படியே கொட்டினால் சீக்கிரமே அதன்மேல் துரு படிந்து கல் வேலை செய்வதை நிறுத்திவிடும். ஆகவே சில இடங்களில் கல்லை வாய்க்காலில் போட்டு, காற்றுப் புகாமல் களிமண்ணால் மூடி, அதன் வழியே சுரங்கநீரை விடுகிறார்கள். ஆக்சிஜன் இல்லாததால் துரு படியாது, கல்லும் கரைந்துகொண்டே இருக்கும். ஆனால் நீரில் அலுமினியம் அதிகமிருந்தால் இந்த முறை உதவாது. அது வெள்ளைச் சகதியாகப் படிந்து வாய்க்காலை அடைத்துவிடும். எந்த மருந்து என்பதைத் தண்ணீர்ச் சோதனைதான் சொல்ல வேண்டும்.

முதல் மழைக்குக் காத்திருங்கள்

கோடையில் கழிவுப்பாறை மேடுகளின் மேல் மஞ்சளும் வெள்ளையுமாக உப்புப் பூத்திருக்கும். அமிலமும் உலோகமும் அதில் உறைந்து கிடக்கின்றன. முதல் மழையில் அவ்வளவும் ஒரேயடியாகக் கரைந்து ஓடைக்குள் இறங்கும். மாதம் ஒருநாள் போய் மாதிரி எடுப்பவர் இதைத் தவறவிடுவது எளிது. அதனால்தான் சில நிமிடங்களுக்கு ஒருமுறை தானாகவே அளந்து பதியும் கருவிகளை ஓடையிலேயே பொருத்துகிறார்கள்.

அரை மில்லிலிட்டர் வண்டல்

மண் மூடி விதைத்த இடத்திலிருந்து வழியும் நீருக்கு அமெரிக்காவில் எளிய சோதனை ஒன்று உண்டு. கூம்பு வடிவக் கண்ணாடிக் குடுவையில் ஒரு லிட்டர் நீரை ஊற்றி ஒரு மணி நேரம் வைக்கிறார்கள். அடியில் தங்கிய வண்டல் 0.5 மில்லிலிட்டரைத் தாண்டக் கூடாது; பி.எச். 6-க்கும் 9-க்கும் இடையில் இருக்க வேண்டும். புல் வேர்விட்டு மண்ணைப் பிடித்துக்கொண்டதா என்பதைக் குடுவையின் அடியில் பார்த்துவிடலாம்.

கல்லுக்கடியில் வாழும் சாட்சிகள்

ஈசல் போலச் சிலகாலமே பறந்து மடியும் மேஃபிளை பூச்சியின் இளம்பருவம் ஓடைக் கற்களுக்கடியில் கழிகிறது. கரைந்த உப்பு கூடினால் முதலில் மறைந்துபோவது இதுபோன்ற பூச்சிகள்தான். அப்பலாச்சிய மலைப் பகுதி ஓடைகளில், கரைந்த உப்பைக் காட்டும் மின்கடத்துதிறன் 300 மைக்ரோசீமன்ஸுக்குள் இருந்தால்தான் இவை பிழைக்கும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2011-இல் கணித்தது. பாட்டில் நீர் எடுத்த அந்த நொடியை மட்டும் சொல்லும். பூச்சிகளோ மாதக்கணக்கில் அந்த ஓடையில் நடந்ததைச் சொல்லும்.

செலினியத்தை மீனில் தேடுகிறார்கள்

கழிவுப்பாறையிலிருந்து செலினியமும் கரைகிறது. நீரில் மிகச் சிறிய அளவே இருந்தாலும் பாசி, பூச்சி, மீன் என்று உணவு வழியே கூடிக்கொண்டே போய், மீன் குஞ்சுகளை உருக்குலைக்கிறது. அதனால் 2016-இல் வந்த அமெரிக்க அளவுகோல், மீனின் முட்டையிலும் உடலிலும் உள்ள செலினியத்துக்கே முதலிடம் கொடுத்தது. ஓடும் நீருக்கு அது வைத்த எல்லை லிட்டருக்கு 3.1 மைக்ரோகிராம், தேங்கிய நீருக்கு 1.5 மைக்ரோகிராம்தான். கனடாவின் எல்க் பள்ளத்தாக்கில் நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து செலினியம் கலந்த வழக்கில் டெக் கோல் நிறுவனத்துக்கு 2021-இல் 6 கோடி கனடிய டாலர் அபராதம் விதிக்கப்பட்டது.

ஏரியின் மேற்பரப்பு மட்டும் போதாது

நிரவாமல் விட்ட பள்ளம் நிரம்பி ஏரியாகும். அப்படிப்பட்ட ஆழமான ஏரிகளில் உப்பு மிகுந்த கனமான நீர் அடியிலேயே தங்கி, ஆண்டுக்கணக்கில் மேல்நீரோடு கலக்காமல் இருப்பதும் உண்டு. மேலே படகு விடலாம், அடியிலோ ஆக்சிஜனே இருக்காது. ஆகவே கயிற்றில் கருவியை இறக்கி, ஒவ்வொரு ஆழத்திலும் நிறுத்தி அளக்கிறார்கள்.

ஆற்றைத் திருப்பி நிரப்பிய ஏரி

கிழக்கு ஜெர்மனியின் கைசல்டால் பழுப்பு நிலக்கரிப் பள்ளத்தை 2003 முதல் 2011 வரை சாலே ஆற்று நீரால் நிரப்பினார்கள். இன்று 18 சதுர கி.மீ.க்கு மேல் பரந்து, ஜெர்மனியின் மிகப் பெரிய செயற்கை ஏரியாக அது இருக்கிறது. நிலத்தடி நீர் ஊறி நிரம்பட்டும் என்று விட்டிருந்தால் அது பைரைட் மண் வழியே அமிலத்தைச் சுமந்து வந்திருக்கும். ஆற்றுநீர் முந்திக்கொண்டால் சரிவுகளை மூடிவிடும், அமிலத்தையும் முறிக்கும்.

ஏரிக்குச் சுண்ணாம்பு போடும் கப்பல்

அதே நாட்டின் லௌசிட்ஸ் பகுதியில் பழைய சுரங்க ஏரிகள் பலவற்றில் பி.எச். 3 அளவுக்கு இறங்கியிருந்தது. கப்பலில் சுண்ணாம்பை ஏற்றி ஏரி முழுக்கத் தூவி அதைச் சரிசெய்தார்கள். ஒருமுறை தூவியதோடு தீரவில்லை. சுற்றியுள்ள மண்ணிலிருந்து அமிலம் ஊறிக்கொண்டே இருப்பதால், அளவு மறுபடி இறங்கும்போதெல்லாம் மறுபடி தூவ வேண்டும்.

பெர்லின் குழாய் வரை

லௌசிட்ஸில் சுரங்கங்கள் மூடப்பட்டு இறைப்பு நின்றதும் நிலத்தடி நீர் மேலேறியது. இரும்பும் சல்பேட்டும் ஸ்பிரே ஆற்றில் கலந்தன. ஆறு பழுப்பு நிறமாயிற்று. ஸ்பிரெம்பர்க் அணையில் இரும்பின் பெரும்பகுதி படிந்துவிடுகிறது. சல்பேட் படிவதில்லை, ஆற்றோடு பெர்லின்வரை போகிறது. அந்த நகரக் குடிநீரின் ஒரு பகுதி ஸ்பிரே கரையோரக் கிணறுகளிலிருந்து வருகிறது. வழக்கமான சுத்திகரிப்பில் சல்பேட் நீங்காது. ஜெர்மனியில் குடிநீருக்கான எல்லை லிட்டருக்கு 250 மி.கி. ஆகவே அங்கே சல்பேட்டை ஆற்றின் வழிநெடுக அளந்துகொண்டே இருக்கிறார்கள்.

காலமெல்லாம் இறைக்க வேண்டிய நீர்

ஜெர்மனியின் கடைசிக் கருநிலக்கரிச் சுரங்கம் 2018 டிசம்பர் 21 அன்று பாட்ட்ரோப் நகரில் மூடப்பட்டது. ரூர் பகுதியில் பம்புகள் மட்டும் நிற்கவில்லை. உப்பு மிகுந்த சுரங்கநீர் மேலேறிக் குடிநீர் அடுக்கோடு கலந்துவிடாதபடி அவை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். முடிவே இல்லாத இந்தச் செலவுக்காகவே 2007-இல் ஆர்.ஏ.ஜி. அறக்கட்டளை நிறுவப்பட்டது.

மூடிய சுரங்கத்தின் முதல் சில ஆண்டுகள்

நிலத்தடிச் சுரங்கத்தில் பம்பை நிறுத்தியதும் நீர் ஏறி, காய்ந்து கிடந்த உப்பையெல்லாம் கரைக்கும். முதலில் வெளிவரும் நீரில்தான் மாசு மிக அதிகம். சுரங்கம் நிரம்ப எவ்வளவு காலம் பிடித்ததோ, அதைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு காலம் அந்தக் கடுமை நீடிக்கும் என்று பிரிட்டிஷ் நீரியல் அறிஞர் பால் யங்கர் கண்டறிந்தார். 5 ஆண்டில் நிரம்பியது என்றால் 20 ஆண்டு காத்திருக்க வேண்டும். ஓரிரு ஆண்டுச் சோதனையை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

வீடுகளைக் காத்த துளை, ஆற்றைக் கெடுத்தது

பென்சில்வேனியாவின் ஸ்க்ரான்டன் அருகே கைவிட்ட சுரங்கங்கள் நிரம்பி வீடுகளின் கீழ்த்தளங்களில் நீர் ஏறியது. 1960-களின் தொடக்கத்தில் ஓல்ட் ஃபோர்ஜ் என்ற ஊரில் பெரிய துளையிட்டு அந்த நீரை லாக்கவானா ஆற்றுக்குத் திறந்துவிட்டார்கள். வீடுகள் தப்பின. அந்தத் துளைக்குக் கீழே ஆறு ஆரஞ்சு நிறமாயிற்று.

உப்பைப் பங்கிட்டுக்கொள்ளும் ஆறு

ஆஸ்திரேலியாவின் ஹண்டர் ஆற்றில் சுரங்கங்களும் மின்நிலையங்களும் உப்புநீரை நினைத்த நேரத்தில் விட முடியாது. ஆற்றில் நீர் குறைந்திருந்தால் ஒரு சொட்டும் விடக் கூடாது. நீர் மிகுந்து ஓடும்போது, அன்று ஆறு தாங்கும் உப்பை 1,000 பங்காகப் பிரித்து, அவரவர் வாங்கி வைத்திருக்கும் பங்குக்கு ஏற்ப விடலாம். சிங்கிள்டன் ஊரில் மின்கடத்துதிறன் 900 மைக்ரோசீமன்ஸையும் டென்மனில் 600-ஐயும் தாண்டக் கூடாது. 1995-இல் சோதனையாகத் தொடங்கிய இத்திட்டம் 2002-இல் முறையான விதியாயிற்று. ஆற்றோரம் நாள் முழுக்க ஓடும் அளவுக் கருவிகள் இல்லாமல் இது ஒரு நாளும் நடக்காது.

மீன்கள் திரும்பிய சீட் ஆறு

மேற்கு வர்ஜீனியாவில் 1994-இல் மூடிய சுரங்கம் ஒன்று உடைத்துக்கொண்டு அமிலநீர் சீட் ஆற்றில் பாய்ந்தது. மறு ஆண்டு ஆற்றோர மக்கள் ‘சீட் ஆற்றின் நண்பர்கள்’ என்று சங்கம் அமைத்தார்கள். கிளை ஓடை ஒவ்வொன்றாக அளந்து, எது அதிகம் கெடுக்கிறது என்று கண்டு, அங்கே சுத்திகரிப்பு வந்தது. பாஸ் மீன்கள் மீண்டும் அந்த ஆற்றில் வாழ்கின்றன.

துருவிலிருந்து ஓவிய வண்ணம்

ஒஹாயோ பல்கலைக்கழகத்தின் பொறியியல் பேராசிரியர் கை ரீஃப்லரும் ஓவியர் ஜான் சப்ராவும் சேர்ந்து, சுரங்க ஓடையின் இரும்புச் சகதியைப் பிரித்து, காய்ச்சி, வண்ணப்பொடியாக்கினார்கள். காம்ப்ளின் நிறுவனம் அதை ஓவியர்களுக்கான வண்ணமாக விற்றது. அந்த வருமானம் ஓடையைச் சுத்தப்படுத்தவே உதவ வேண்டும் என்பது அவர்கள் நோக்கம்.

வீட்டுக்கு வெப்பம் தரும் சுரங்கநீர்

இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட் நகரில் சுமார் 150 மீட்டர் ஆழத்திலுள்ள சுரங்கநீரின் கதகதப்பை எடுத்துக் கட்டடங்களைச் சூடாக்குகிறார்கள். அதற்கும் நீரின் தரம் தெரிந்தாக வேண்டும். இரும்பு படிந்தால் குழாய்கள் அடைத்துக்கொள்ளும்.

மேகாலயத்தின் நீல ஆறு

ஜெயந்தியா மலைகளின் நிலக்கரியில் கந்தகம் அதிகம். எலிவளை போன்ற குழிகளில் அதை வெட்டுவதைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014 ஏப்ரலில் தடை செய்தது. அங்குள்ள லூக்கா ஆறு குளிர்காலத்தில் நீலமாக மாறும். சுரங்க அமிலநீர் அதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. மூடித் தராமல் விட்ட குழிகளுக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு அந்த ஆற்றோர மக்கள்தான் விலை கொடுக்கிறார்கள்.

இந்தியாவின் விதி

நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து வெளியேறும் நீரில் மிதக்கும் திடப்பொருள் லிட்டருக்கு 100 மி.கி.க்குள்ளும், பி.எச். 5.5-க்கும் 9-க்கும் இடையிலும் இருக்க வேண்டும் என்று 2000-ஆம் ஆண்டு மத்திய அரசு விதித்தது. சுரங்கத்தை மூடும் செலவுக்காக நிறுவனம் தனிக் கணக்கில் பணம் போட வேண்டும் என்ற வழிகாட்டுதல் 2009-இல் வந்தது. தொடக்கத்தில் திறந்தவெளிச் சுரங்கத்துக்கு ஹெக்டேருக்கு 6 லட்சம் ரூபாய், நிலத்தடிச் சுரங்கத்துக்கு 1 லட்சம் ரூபாய்.

நெய்வேலியில் இரட்டைக் கணக்கு

நெய்வேலியில் 1957-இல் நேரு தொடங்கிவைத்த சுரங்கத்தில், பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தம் மிகுந்த நீரடுக்கு இருக்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தம். அறுபது முதல் எண்பது மீட்டர் உயரத்திலுள்ள தண்ணீர்த் தொட்டி குழாயில் தரும் அழுத்தம் அது. இறைத்துக்கொண்டே இருக்காவிட்டால் சுரங்கத்தின் தரை வெடித்துவிடும். இறைத்த நீர் அனல்மின் நிலையங்களுக்கும் பரவனாறு வழியே வாலாஜா ஏரிப் பாசனத்துக்கும் போகிறது. சென்னைக் குடிநீருக்கும் போயிருக்கிறது. ஆகவே இங்கே தண்ணீர்க் கணக்கு இரண்டு: சுற்றுவட்டாரக் கிணறுகளின் மட்டம் ஒன்று, வயலுக்கும் வாய்க்கும் போகும் நீரின் தரம் மற்றொன்று. மண் நிரவித் தோப்பு வைத்த இடங்களிலும் இந்த இரண்டையும் விடாமல் பார்க்க வேண்டும்.

பச்சை வந்த பிறகும் 10 ஆண்டு

அமெரிக்கச் சட்டப்படி சுரங்க நிறுவனம் முன்பணமாகப் பிணைத்தொகை கட்ட வேண்டும். பள்ளத்தை நிரவி வடிகால் அமைத்ததும் 60 சதவீதம்வரை திரும்பக் கிடைக்கும். கடைசித் தவணைக்கு, கடைசியாக விதைத்து உரமிட்ட ஆண்டு முடிந்ததிலிருந்து 5 ஆண்டுகள் பொறுப்பேற்றிருக்க வேண்டும். ஆண்டு மழை 26 அங்குலமோ அதற்குக் குறைவோ என்றால், அதாவது சுமார் 660 மி.மீ.க்குள் என்றால், 10 ஆண்டுகள். பணத்தை விடுவிக்கும் முன் ஓடையோ நிலத்தடி நீரோ மாசடைகிறதா, இனியும் தொடருமா, சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று அதிகாரிகள் பார்க்க வேண்டும்.

ஊராரின் உரிமை

பிணைத்தொகையைத் திரும்பக் கேட்கும் நிறுவனம் உள்ளூர்ச் செய்தித்தாளில் வாரம் ஒருமுறை வீதம் தொடர்ந்து 4 வாரம் விளம்பரம் தர வேண்டும். பாதிக்கப்படுபவர் ஆட்சேபம் எழுதலாம், நேரடி விசாரணை கேட்கலாம். விதிமீறல் என்று புகார் தந்து ஆய்வுக்குக் காரணமானவர், ஆய்வு அதிகாரியோடு சுரங்கத்துக்குள் போய்ப் பார்க்கவும் சட்டம் இடம் தருகிறது.

இந்த உரிமை எல்லாச் சுரங்கத்து ஊருக்கும் வர வேண்டும். நிலத்தைச் சீரமைத்துவிட்டோம் என்று யாராவது சொன்னால், நட்ட மரங்களின் எண்ணிக்கையோடு நின்றுவிடாமல் நாம் கேட்க வேண்டியவை நான்கு: தோண்டும் முன் நீர் எப்படி இருந்தது? இன்று எந்தெந்தக் கிணற்றில், எந்தெந்த மாதம் அளக்கிறீர்கள்? சல்பேட், இரும்பு, கரைந்த உப்பு எல்லாம் அதில் உண்டா? அந்தப் பட்டியலை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டுவீர்களா? நிலக்கரியை எடுத்தவர்கள் போய்விடுவார்கள். அந்தத் தண்ணீரைக் குடிக்கப்போவது அங்கேயே வாழ்பவர்கள். அதன் கணக்கும் அவர்கள் கையில்தான் இருக்க வேண்டும்.